பதினொரு பெயர்கள் உள்ள கல்வெட்டும் பெயரில்லாத செடியும்

மதிப்பிற்குரிய பேரூராட்சி மன்றத் தலைவர், செயல் அலுவலர் ஆகியோருக்கு,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் தொடக்கப்பள்ளியில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். சொட்டாங்கல் ஆடப் பொறுக்கிய காயை உடைத்து, உள்ளிருந்த பருப்பைத் தின்ற இரண்டாம் வகுப்புப் பிள்ளை என் பேத்தி. பிழைத்துக்கொண்டாள்.

காரைக்குடியில் மருத்துவர் என்ன தின்றாள் என்று கேட்டபோது, "மதிலோரத்து மஞ்சள் பூச்செடி" என்பதற்கு மேல் பள்ளியில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. என் மகள் ஊருக்குத் திரும்பி, பூவும் காயுமாக ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்து சேர்வதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. அது மஞ்சளரளி. அதன் நஞ்சு இதயத் துடிப்பையே குலைப்பது என்பதால், குழந்தையின் மார்பில் ஒட்டியிருந்த கம்பிகளையும் திரையில் ஓடிய கோட்டையும் பார்த்தபடி மூன்று இரவுகள் உட்கார்ந்திருந்தோம்.

அச்செடிகளை நட்டபோது நீங்கள் திறந்த கல்வெட்டில் பதினொரு பெயர்கள் இருக்கின்றன. செடியின் பெயர் மட்டும் இல்லை.

ஆடு கடிக்காது, தண்ணீர் அதிகம் கேட்காது என்பதால் தேர்ந்தெடுத்ததாக உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். ஏன் கடிப்பதில்லை என்று அந்த ஆட்டிடமாவது கேட்டிருக்கலாம்.

நஞ்சுச் செடிகளே கூடாது என்பவன் அல்லன் நான். எங்கள் அப்பத்தா ஊமத்தை இலைச் சாற்றைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிப் புண்ணுக்குத் தடவுவார். சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை கட்டும்போது, பால் பட்ட கையைக் கண்ணருகே கொண்டுபோனால் அதட்டுவார். கலப்பைக் கிழங்கை நஞ்சு நீங்கச் சுத்தி செய்யாமல் எந்தச் சித்த வைத்தியரும் மருந்தில் சேர்க்கமாட்டார். அந்தக் கிழங்கின் பூவான செங்காந்தளைத்தான் மாநில மலர் என்று பள்ளிச் சுவரில் வரைந்திருக்கிறீர்கள். கீழே ஒரு வரி எச்சரிக்கை எழுதச் சாயம் போதவில்லை போலும். பிறந்தநாள் பதாகைகளுக்கு மட்டும் இந்த ஊரில் எந்தச் சாயமும் குறைந்ததில்லை. கோபத்தில் பேச்சு எங்கோ போகிறது, பொறுத்தருள்க.

நான் கேட்பது ஒன்றுதான்: பள்ளி மதிலோரத்து மஞ்சளரளியை வேரோடு அகற்றுங்கள். கோயில் நந்தவனத்து அரளி பெயர்ப்பலகையோடு அங்கேயே இருக்கட்டும். பள்ளியோரத்தில் பூவரசோ செம்பருத்தியோ போதும். வெட்டியதை அங்கேயே கொளுத்தவும் வேண்டாம், அதன் புகையும் ஆகாது. ஊருணியில் தள்ளவும் வேண்டாம்.

காலாண்டு விடுமுறை முடிவதற்குள் அகற்றித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஆள் இல்லையென்றால் சொல்லியனுப்புங்கள், மண்வெட்டியோடு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பேரூராட்சியில் வரி செலுத்தும் ஒரு தாத்தா