ஒன்றாம் வகுப்புக்கு எதற்குக் கோப்பை?

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுக்களில் என்னைப் போலவே பெற்றோர் உறுப்பினர்களாக இருக்கும் அக்கா, தங்கை, அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

ஆண்டு விழாப் பேச்சு தொடங்கிவிட்டது. அழைப்பிதழில் யார் பெயர் முதலில், பொன்னாடை எத்தனை, மைக்செட் யாருடையது என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். பரிசுப் பட்டியல் மட்டும் யாரும் பேசாமலேயே போன வருடத்து நோட்டில் இருந்து அப்படியே இறங்கிவிடுகிறது. வகுப்புக்கு முதல் மூன்று இடம், 'சிறந்த மாணவர்', 'முழு வருகை', அரசுப் பள்ளிகளுக்கென்று நடக்கும் கலைத் திருவிழாப் போட்டிகளில் வென்றவர்கள். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு இதில் முதல் மூன்றையும் எடுத்துவிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். அதற்குச் செலவாகும் பணத்தையும், அதைவிட முக்கியமாக ஆசிரியர்களின் நேரத்தையும், எல்லாப் பிள்ளைகளும் கைவைக்கிற காரியங்களுக்குத் திருப்புங்கள்.

முழு வருகையில் இருந்து தொடங்குகிறேன். அதை எதிர்த்து யாரும் வாய்திறக்க மாட்டார்கள். தினமும் பள்ளிக்கு வருவது நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை வருவதும் வராததும் அந்தப் பிள்ளையின் கையிலா இருக்கிறது? அம்மை போட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வெளியே அனுப்ப மாட்டோம். அனுப்பவும் கூடாது. மெட்ராஸ் ஐ வந்து கண் சிவந்த பிள்ளை வீட்டில் இருந்தால்தான் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு நல்லது. அப்படி வீட்டில் வைத்துக்கொண்ட தாய்க்கு நாம் சொல்வது என்ன? 'உங்கள் பிள்ளைக்கு எவர்சில்வர் தட்டு கிடையாது.' ஐப்பசி கார்த்திகை மழையில் ஓடை நிரம்பினால் காலனிப் பிள்ளைகளுக்குப் பாதை இல்லை. பொங்கல் முடிந்ததும் சூளைக்குக் கல் அறுக்கப் போகும் குடும்பங்கள் உண்டு, கரும்பு வெட்டுக்குப் போகும் குடும்பங்கள் உண்டு. முன்பணம் வாங்கியாயிற்று, போய்த்தான் ஆக வேண்டும். தாத்தா பாட்டி இருக்கும் வீட்டுப் பிள்ளை ஊரிலேயே தங்கிப் படிக்கும். இல்லாத வீட்டுப் பிள்ளை மூட்டை முடிச்சோடு லாரி ஏறும். ஆக, மேடையில் நாம் கைதட்டுவது எந்தப் பிள்ளையின் உழைப்புக்கு? பாட்டி உயிரோடு இருக்கும் வீட்டுக்கும், மேட்டுத் தெருவில் குடியிருக்கும் வீட்டுக்கும்.

தமிழ்நாட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைத்தது எது என்பதற்கு நூறு வருடக் கணக்கு நம்மிடமே இருக்கிறது. 1920-இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் காலத்தில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் போட்ட மதிய உணவு, 1956-இல் காமராசர் மாநிலமெங்கும் கொண்டுபோனது, 1982-இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவு, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவு. எங்கள் பள்ளியில் காலை மணி அடிக்கும்முன் வந்து தட்டைக் கழுவிக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் யாரும் வருடக் கடைசியில் கிடைக்கப்போகும் சான்றிதழை நினைத்து வரவில்லை. உப்புமாவா பொங்கலா என்று பார்க்க வருகிறார்கள்.

பரிசு கொடுத்தால் அந்தச் சமயத்திலாவது வருகை கூடுமே என்பார்கள். கூடும். அகமதாபாத் குடிசைப் பகுதிகளில் நடக்கும் முறைசாராப் பள்ளிகளில் அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2016-இல் அந்த ஆய்வு வெளியானது. இத்தனை நாள் வந்தால் பரிசு என்று சொன்ன காலத்தில் வருகை கூடியது. திட்டம் முடிந்த பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. முன்பிருந்தே ஒழுங்காக வந்தவர்கள் வழக்கம்போல வந்தார்கள். முன்பு குறைவாக வந்தவர்கள், பரிசு நின்றதும் முன்னைவிடக் குறைவாக வந்தார்கள். மதிப்பெண் இறங்கியது, பாடத்தில் ஆர்வம் குறைந்தது, தன்னால் முடியும் என்கிற தைரியமும் குறைந்தது. யாரை இழுத்துவர நினைத்தோமோ அவர்களையே தள்ளிவிட்டிருக்கிறது.

இன்னொன்று பழைய ஆய்வு, 1973-இல் வெளிவந்தது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் தாமாகவே ஆசை கொண்ட பிள்ளைகளைப் பிரித்து, ஒரு கூட்டத்திடம் 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். வரைந்தார்கள், பொன் முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழை வாங்கிக்கொண்டார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்தபோது, அந்தக் கூட்டத்துப் பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதிதான் வரைந்தார்கள். முன்னால் சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் கொடுத்த கூட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் ஆசிரியர்கள் பாராட்டவே கூடாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு 'அட, இதை நீயா போட்டாய்?' என்று டீச்சர் கேட்பது எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கட்டும். முன்கூட்டியே விலை பேசுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

முதல் மூன்று இடங்களுக்கு வருகிறேன். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. பதினேழு வயதுப் பிள்ளைக்கே அந்தப் பாரம் வேண்டாம் என்று முடிவெடுத்த மாநிலத்தில், இரண்டாம் வகுப்பில் மூன்றாம் இடம் யாருக்கு என்று நாம் அரை மதிப்பெண்ணைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறோம். தொடக்கப் பள்ளியில் வரிசை பார்க்காமல் சொல்லிக்கொடுக்க நமக்கு வழி தெரியாமலும் இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி 2007-08-இல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, பாட அட்டையை எடுத்து, பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி அட்டவணையில் தான் நிற்கும் படியில் இருந்து தொடர்ந்தார்கள். கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் ஆளுக்கொரு கரும்பலகைத் துண்டு இருந்தது. நான்கு நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு வந்தாலும் விட்ட அட்டையில் இருந்து பிடித்துக்கொள்ளலாம். அந்த முறைக்கும் குறைகள் இருந்தன, ஆசிரியர்கள் நிறையவே புலம்பினார்கள், அது வேறு கதை. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்றுதான் நிலை பிரிக்கிறோம். (பிள்ளைகள் இதையும் ரேங்க் ஆக்கிவிடுவார்கள். 'நீ இன்னும் அரும்புதானா?' என்று கேலி பேசுவது எல்லா ஊரிலும் இருக்கும்.) வருடம் முழுக்க 'உன் நிலையில் இருந்து நீ ஏறு' என்று சொல்லிவிட்டு, விழா அன்று மட்டும் மூன்று பேரைத் தனியே நிறுத்துவது எப்படிப் பொருந்தும்?

கலைத் திருவிழாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதில் எனக்குப் பிரியமும் உண்டு, கோபமும் உண்டு. 2022-23-இல் ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு என்று தொடங்கியதை 2024-25-இல் ஒன்றாம் வகுப்பு வரைக்கும் கொண்டுவந்தார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மேடை கிடைத்தது. அது சின்னக் காரியம் இல்லை. ஆனால் மாறுவேடப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பாரதியார் கோட்டும் வேலு நாச்சியார் வாளும் டவுனில் வாடகைக்குக் கிடைக்கும். போகவர பஸ், வாடகை, மேக்கப் என்று ஒரு நாள் கூலி கரைந்துவிடும். நூறு நாள் வேலைக்குப் போகும் தாய் அதைச் செய்ய மாட்டாள். செய்யவும் வேண்டியதில்லை. வசனத்தை ஒழுங்காகச் சொல்லும் பிள்ளை பள்ளிச் சீருடையில் நிற்க, வாடகை மீசை ஒட்டிய பிள்ளை அடுத்த சுற்றுப் போட்டி நடக்கும் குறுவள மையத்துக்குப் போகிறது. அதே பட்டியலில் களிமண் பொம்மை இருக்கிறது. ஏரிக்கரை மண்ணுக்கு வாடகை கிடையாது. மாடு, ஏர், அம்மி, ஜேசிபி என்று எங்கள் பிள்ளைகள் செய்துவைப்பதைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். கதை சொல்லுதலும் அப்படித்தான். வீட்டில் ஒரு ஆயா இருந்தால் போதும்.

ஆனால் அந்தக் களிமண்ணை எத்தனை பிள்ளைகள் தொட்டார்கள்? பெரும்பாலான பள்ளிகளில் நடப்பது இதுதான்: போட்டி அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வரும், நாள் குறைவாக இருக்கும், 'யார் நன்றாகச் செய்வார்கள்' என்று டீச்சருக்கு முன்பே தெரியும், அந்த இரண்டு மூன்று பேரைப் பழக்குவார்கள். வருடா வருடம் அதே பிள்ளைகள். டீச்சரைக் குறை சொல்லவில்லை. நம்முடையவற்றில் ஈராசிரியர் பள்ளிகள் எத்தனையோ. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குறுவள மையத்துக்குப் போனால், மீதி நாற்பது பேரையும் இன்னொருவர் ஒரே அறையில் வைத்துச் சமாளிக்கிறார். கோப்பை வாங்கி வந்தால் படம் எடுத்துப் போடுகிறோம். அந்த நாற்பது பேருக்கு அன்று என்ன கிடைத்தது என்பதை யாரும் படம் எடுப்பதில்லை.

இதை மாற்ற மேலிடத்து ஆணை வேண்டாம். முதலில் வகுப்பு முழுவதும் செய்யட்டும், போட்டிக்கு ஆள் பிறகு பார்க்கலாம். இரண்டு வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் மண் பிசையட்டும், எல்லோரும் ஒரு கதை சொல்லட்டும். யாரை அனுப்புவது என்பதில், சென்ற முறை போகாத பிள்ளைக்கு முதல் வாய்ப்பு என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். ஒன்றிய அளவில் நம் பள்ளிக்கு ஒரு கோப்பை குறையலாம். குறையட்டுமே.

தனியார் பள்ளிகளில் கோளாறு வேறு மாதிரி. அங்கே எல்லாப் பிள்ளைக்கும் கேடயம், எல்லாவற்றுக்கும் கட்டணம். அபாகஸுக்கு ஒன்று, ஒலிம்பியாடுக்கு ஒன்று. எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் வம்பில்லையே என்று நம் குழுவிலும் சிலர் யோசனை சொல்வதால் இதைக் குறிப்பிடுகிறேன். பிள்ளைகளை அப்படி ஏமாற்ற முடியாது. எதற்கென்று தெரியாமல் வந்த கேடயம் ஒரு வாரத்தில் மண் அள்ள உதவும்.

அடுத்தது பீரோ. நூலகமும் விளையாட்டுப் பொருள்களும் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. பல பள்ளிகளில் இருக்கவும் செய்கின்றன, பீரோவுக்குள். கேரம் போர்டின் காய்கள் கவர் பிரிக்காமல் இருக்கும். வாசிப்பு இயக்கத்துக்கென்று நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக வந்த மெல்லிய கதைப் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் கிடப்பதைப் பார்க்கும்போதுதான் வயிற்றெரிச்சல். காரணம் கேட்டால் இருப்புப் பதிவேடு. ஒன்று தொலைந்தால் தலைமை ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் குழு பொறுப்பேற்க வேண்டும் என்கிறேன். கிழிந்ததையும் தொலைந்ததையும் குழுக் கூட்டத்தில் வைத்துப் பதிவு செய்வோம். தலைமை ஆசிரியர் கையெழுத்துக்குப் பக்கத்தில் எங்கள் கையெழுத்தும் இருக்கட்டும். பெற்றோர் முக்கால் பங்கு இருக்க வேண்டும், பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் நம்மை அந்தக் குழுவில் உட்காரவைத்தது டீ குடிக்க மட்டும் இல்லையே.

கடைசியாக, நன்கொடையாளர்கள். இதுதான் உண்மையான முட்டுக்கட்டை, எல்லோருக்கும் தெரியும். 'எங்க அப்பா நினைவா முதல் மாணவனுக்கு வெள்ளிக் காசு' என்று வருடா வருடம் தருகிறவரிடம் போய் இனி வேண்டாம் என்று யார் சொல்வது? வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் அப்பா பெயரைப் பொறித்து ஒரு புத்தக அலமாரி, பூட்டு இல்லாமல், தாழ்வாரத்தில் வைப்போம். அல்லது வருடத்துக்கு நாலு செட் ஸ்கிப்பிங் கயிறு, ரிங் பால், வண்ணப் பென்சில். மைக்கில் அவர் பெயரை இரண்டு தரம் வாசிப்போம். விழா மேடையில் பரிசளிப்புக்குப் போகும் ஒரு மணி நேரம் மிச்சமாகும். அந்த நேரத்துக்கு அறைகளைத் திறந்துவைத்து, ஒவ்வொரு பிள்ளையும் அந்த வருடம் தான் செய்ததில் ஒன்றைத் தானே எடுத்து வைத்து, பெற்றோரிடம் விளக்கிச் சொல்லட்டும். எந்தப் பொருள் என்பது பிள்ளையின் விருப்பம்.

எங்கள் ஊர்க் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு இதைத் தீர்மானமாக எழுதிக்கொண்டு போகிறேன்: ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு இட வரிசைப் பரிசு, சிறந்த மாணவர் பரிசு, முழு வருகைப் பரிசு மூன்றும் இந்த ஆண்டு முதல் இல்லை. போட்டிக்கு முன் முழு வகுப்புக்கும் பயிற்சி. பீரோ திறந்திருக்கும், கணக்குக்குக் குழு பொறுப்பு. மற்ற ஊர்க் குழுவினர் விரும்பினால் இதையே படியெடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பாதவர்கள் காரணத்தைக் கூட்டத்திலேயே, பதிவேட்டில் ஏறும்படி சொல்லுங்கள். வெள்ளிக் காசு தருகிறவர் வீட்டுக்குப் போய்ப் பேசும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். கூட வருவதற்கு இரண்டு பேர் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
விழுப்புரம் மாவட்டம்