ஈயம் என்றால் எந்த ஈயம்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. தை பிறந்ததும் மகள் பாத்திரக் கடை திறக்கப் போகிறாள் என்ற செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் அத்தனை மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். பித்தளை, வெண்கலம், ஈயச்சொம்பு, எவர்சில்வர் எல்லாம் வைக்கப் போவதாகவும், எதில் ஏமாறுவோம் என்ற பயம் இருப்பதாகவும் எழுதியிருந்தாய். அந்தப் பயம் நல்லதுதான். பாத்திரக் கடையில் பெயர் ஒன்றாக இருக்கும், உள்ளே கலந்திருக்கும் உலோகம் வேறாக இருக்கும். அதனால் பெயரை விட்டுவிட்டு, எது எத்தனை பங்கு என்று கேட்கும் பழக்கத்தை மகளுக்கு முதல் நாளிலிருந்தே சொல்லிக் கொடு.

ஈயச்சொம்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உயிருக்கு அதிகம் ஊறு செய்யக்கூடிய சரக்கு அதுதான். நம் பேச்சில் வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம். முன்னது 232 டிகிரி செல்சியஸில் உருகும், சமையலுக்கு ஆகும். பின்னது 327 டிகிரியில் உருகும், விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது காரீயம். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல அதற்கு ஓர் அளவே கிடையாது. ரசத்தில் இருக்கும் புளியும் தக்காளியும் அதைக் கரைத்து இழுத்துவிடும். வெள்ளீயத்தின் விலையோ காரீயத்தைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். கலப்படம் செய்ய ஆசை வருவதற்கு வேறு காரணம் வேண்டாம். 63 பங்கு வெள்ளீயத்தில் 37 பங்கு காரீயம் சேர்ந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். ரேடியோ பழுது பார்ப்பவர்கள் காலங்காலமாகப் பற்றவைத்த சால்டர் அதுதான். பழைய சால்டரை உருக்கிச் சொம்பாக வார்த்தாலும் பார்வைக்குப் பளபளவென்றுதான் இருக்கும்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. வெள்ளைத்தாளில் விளிம்பைத் தேய்த்துப் பார்க்கலாம். காரீயம் மிகுந்திருந்தால் பென்சில்போலக் கருஞ்சாம்பல் கோடு விழும். சுத்தமான வெள்ளீயக் கம்பியை வளைத்தால் நறநறவென்று ஒரு சத்தம் கேட்கும், காரீயத்தில் கேட்காது. இவை இரண்டும் முதல் பார்வைக்கு உதவும், நம்பி வாங்குவதற்குப் போதாது. நம்பத்தக்கது எடைச் சோதனை.

ஒரு கிராம் துல்லியமுள்ள மின்னணுத் தராசு வேண்டும். முதலில் சொம்பை நிறுத்து எடையைக் குறித்துக்கொள். பிறகு தராசின்மேல் ஒரு வாளித் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கு. சொம்பை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீரில் முழுக்க மூழ்கும்படித் தொங்கவிட்டுப் பிடி. அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. இப்போது தராசு காட்டும் கிராம்தான் சொம்பின் கன அளவு, மில்லி லிட்டரில். எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். வெள்ளீயத்துக்கு 7.3, காரீயத்துக்கு 11.3. 730 கிராம் சொம்பு சுத்தமாக இருந்தால் தராசு 100 காட்ட வேண்டும். பத்து சதவீதம் காரீயம் இருந்தால் சுமார் 96, இருபது என்றால் 93, நாற்பது என்றால் 86. இதில் எல்லோரும் தவறும் இடம் காற்றுக்குமிழி. சொம்பைக் கவிழ்த்து இறக்கினால் உள்ளே காற்று தங்கிக் கன அளவை ஏற்றிக் காட்டும், மூன்று நான்கு மில்லி குமிழி பத்து சதவீதக் காரீயத்தை ஒளித்துவிடும். சாய்த்து நிரப்பி, ஒருமுறை ஆட்டிவிட்டுப் பிறகு அளக்க வேண்டும். ஐந்து சதவீதத்துக்குக் கீழே இந்தச் சோதனை பிடிக்காது. அதனால் ஒவ்வொரு புதுச் சரக்கிலும் ஒரு சொம்பையாவது உலோகப் பகுப்பாய்வுக் கூடத்தில் எக்ஸ்-கதிர்க் கருவியில் வைத்துப் பார்க்கச் சொல். நகைக்கடைகளில் தங்கத்தின் மாற்றுப் பார்ப்பதும் அதே வகைக் கருவிதான், ஆனால் அங்கே அது தங்கத்துக்காக அளவுசெய்து வைத்தது, காரீயத்துக்கு அதன் எண்ணை நம்ப முடியாது.

வாங்கிப் போகிறவர்களிடம் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. காலிச் சொம்பை அடுப்பில் வைத்தால் சில நிமிடங்களில் அடி உருகி ஓட்டை விழும். முதலில் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் தீயைப் பற்றவைக்க வேண்டும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை உலோகம் நூறு டிகிரியைத் தாண்டி அதிகம் போகாது. தீயின் நாக்கு ரச மட்டத்துக்கு மேலே ஏறக்கூடாது, அங்கே உள்ளே ஈரமில்லை. அதிலேயே தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கும் எண்ணெயின் சூடு வெள்ளீயத்தின் உருகுநிலைக்குப் பக்கத்தில் போய்விடும். இரும்புக் கரண்டியில் தாளித்துக் கொட்டுவதுதான் முறை. இவ்வளவையும் ஒரு சீட்டில் அச்சடித்துச் சொம்புக்குள் போட்டுக் கொடுத்தால் திரும்பி வரும் சொம்புகள் குறையும்.

அடுத்தது பித்தளைக்கு ஈயம் பூசுவது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். தகட்டுப் பாத்திரங்களில் பொதுவாக 63க்கு 37 அல்லது 70க்கு 30. புளியோ மோரோ பட்டால் செம்பு கரைந்து பச்சைக் களிம்பேறும், சாப்பிட்டவருக்குக் குமட்டும். அதைத் தடுக்கத்தான் உட்புறம் வெள்ளீயப் பூச்சு. ‘ஈயம் பூசினமாதிரியும் இருக்கணும், பூசாதமாதிரியும் இருக்கணும்’ என்பார்களே, நல்ல பூச்சு அப்படித்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்: உட்பரப்பு ஆயிரம் சதுர சென்டிமீட்டர் உள்ள அண்டாவில் இருபது மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுக்குப் பூச ஏறக்குறைய 15 கிராம் வெள்ளீயம் போதும். அந்த 15 கிராமில் மிச்சம் பிடிக்கக் காரீயம் கலந்தால் அது மன்னிக்க முடியாத காரியம். கட்டி வாங்கும்போதே சுத்தமான வெள்ளீயம் என்று ரசீதில் எழுதி வாங்க வேண்டும்.

பூசும் வேலையில் பாதி, துலக்குவது. புளியும் மணலும் போட்டுத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளிகூட இல்லாமல் கழுவி உலர்த்த வேண்டும். கரி அடுப்பில் சுற்றிச் சுற்றிச் சூடேற்றி, ஈயக் கம்பி பட்டதும் உருகும் பதம் வந்தவுடன் நவச்சாரப் (அம்மோனியம் குளோரைடு உப்பு) பொடியைப் பஞ்சில் தொட்டுத் தேய்ப்பார்கள். வெண்புகை எழும். நவச்சாரம் பரப்பிலுள்ள ஆக்சைடைத் தின்று உலோகத்தை வெளியே காட்டும், அந்த நொடியில் ஈயம் பரவிப் பிடித்துக்கொள்ளும். உடனே பஞ்சால் வழித்து இழுக்க வேண்டும். சூடு குறைந்திருந்தால் ஈயம் கட்டி கட்டியாக நிற்கும். கூடிவிட்டால் பூச்சு மஞ்சளித்து மங்கும். பிசுக்கு இருந்த இடம் கறுப்புத் திட்டாகத் தெரியும், அங்கே மேலே மேலே ஈயம் போட்டுப் பயனில்லை, மறுபடி துலக்கித்தான் ஆக வேண்டும். புகை தொண்டையை அறுக்கும், திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். வீட்டில் மரக் கரண்டியும் தேங்காய் நாரும் மட்டும் பயன்படுத்தினால் பூச்சு நீடிக்கும். செம்மஞ்சள் எட்டிப் பார்த்தால் மறுபடி பூசும் நேரம் வந்துவிட்டது.

பித்தளை வாங்குவதில் இன்னொரு எச்சரிக்கை. தகட்டை அழுத்தியோ சுழற்றியோ செய்த குடமும், வார்த்த பாத்திரமும் ஒன்றல்ல. வார்ப்புக்குப் பழைய குழாய், திருகு, வால்வு எல்லாம் உருக்குவார்கள். லேத்தில் எளிதாகக் கடைவதற்காக அந்தப் பித்தளையில் இரண்டு மூன்று சதவீதம் காரீயம் முன்பே சேர்த்திருப்பார்கள். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு மாதிரிப் பொருளுக்கு அதனால் கெடுதல் இல்லை. சமையல் பாத்திரத்துக்கு ஆகாது. தகட்டில் அவ்வளவு காரீயம் இருந்தால் குளிர்நிலையில் இழுக்கும்போதே கிழியும், ஆகவே தகட்டுச் சாமான் பெரும்பாலும் பாதுகாப்பு.

தகட்டுக் குடத்துக்கு வேறொரு நோய் உண்டு. விற்கும்போது நன்றாக இருந்து, சில மாதம் கழித்து விளிம்பில் மயிரிழை மாதிரி வெடிக்கும். வாங்கியவர் ‘போட்டு உடைத்தது’ என்று ஒத்துக்கொள்ள மாட்டார், அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். குளிர்நிலையில் அடித்து வளைத்த இடத்தில் இறுக்கம் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஈரத்தோடு அம்மோனியா சேர்ந்தால் அந்த இறுக்கம் பிளவாக வெளிப்படும். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களுக்கருகே மழைக்காலத்தில் வைத்த தோட்டாக்களின் பித்தளைக் குப்பிகள் இப்படித்தான் வெடித்தன, குதிரை மூத்திரத்தின் அம்மோனியாதான் காரணம். 1921இல் இங்கிலாந்தில் ஆராய்ந்து எழுதினார்கள். மருந்தும் எளியது: செய்து முடித்த பாத்திரத்தை 250 முதல் 300 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் இறுக்கம் தளரும், வலுவும் குறையாது. ஈயம் பூசுவதற்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். செய்தீர்களா என்று பட்டறையில் கேட்கச் சொல். கிடங்கை மாட்டுக்கொட்டிலுக்கோ உர மூட்டைக்கோ பக்கத்தில் வைக்க வேண்டாம்.

வெண்கலத்தில் துத்தநாகமே கிடையாது. செம்பு 78, வெள்ளீயம் 22, இதுதான் மணிக்கும் உருளிக்கும் உரிய பங்கு. இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்தால் கடினமாகும், கணீரென்று ஒலிக்கும், கூடவே கண்ணாடிபோல உடையும். வெண்கலப் பானையைக் கல்தரையில் போட்டால் விரிசல்தான், கொதிக்கும் பானையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினாலும் அப்படியே. ஆனால் இதே கலவை சுமார் 586 டிகிரிக்கும் 798 டிகிரிக்கும் இடையே மெழுகாக இளகும். அந்தச் சூட்டில் அடித்து மெல்லியதாக்கித் தண்ணீரில் முக்கினால் குளிர்ந்தபிறகும் எளிதில் உடையாத பாத்திரம் கிடைக்கும். ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் கிடைத்த பழைய பாத்திரங்களில் இப்படி அடித்துச் செய்தவை உண்டு. நம் ஊர்ப் பக்கத்துக் கைவேலை எவ்வளவு பழையது என்று நினைத்துப் பார்க்கவே மனம் நிறைகிறது. வெள்ளீயத்தை 33 பங்குவரை ஏற்றினால் கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடி, முகம் பார்க்கும் உலோகக் கண்ணாடி, அது அடுப்புக்கானதல்ல.

சந்தையில் வெண்கலம் என்று விற்பதில் பாதிக்குமேல் பித்தளை கலந்தது என்பது என் எண்ணம். விரல்நுனியில் தாங்கி மரக்கட்டையால் தட்டினால் வெண்கல ஒலி நீண்டு மெல்ல அடங்கும், பித்தளை சட்டென்று நிற்கும். தடித்த உருளியில் காது ஏமாறலாம். சந்தேகம் தீர, அரம் போட்டு எடுத்த துகளை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளீயம் வெள்ளைப் பொடியாக அடியில் படியும், பித்தளை தெளிவாகக் கரைந்துவிடும். பழுப்புப் புகை நஞ்சு, ஆகையால் இதைக் கடையில் செய்யாமல் பகுப்பாய்வுக் கூடத்தில் செய்யக் கொடுங்கள்.

எவர்சில்வரில் மனம்போனபடி எழுத ஆரம்பித்தால் கடிதம் நீளும், சுருக்குகிறேன். இரும்பில் குரோமியம் 10.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் துருவைத் தடுக்கும் படலம் தானே உருவாகும். எவர்சில்வர் ரகங்களுக்கு எண்தான் பெயர். 304 ரகத்தில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8. 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள், விலை குறைவு, உப்புநீரில் துருப்புள்ளி சீக்கிரம் வரும். காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்று சொல்பவரை நம்ப வேண்டாம். 202இலும் ஒட்டாது. நன்றாக ஒட்டினால் நிக்கல் இல்லாத 430, இண்டக்‌ஷன் அடுப்புக்கு அடித்தகடாக வைப்பது அதுதான். மாங்கனீஸ் சோதனைத் திரவமும் ஒன்பது வோல்ட் பேட்டரியும் கடையில் வைத்திருந்தால் ஒரு சொட்டில் தெரியும், சிவந்தால் 202 போன்ற மாங்கனீஸ் மிகுந்த 200 வரிசை. வீட்டில் அடியில் குழி விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: குளிர்ந்த தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்காமல் விடுவது. கொதித்தபின் போட்டால் அந்தக் குறை வராது.

முதல் சரக்கு வந்து இறங்கியதும், ஒரு ஈயச்சொம்பின் எடையையும் தண்ணீரில் தராசு காட்டிய எண்ணையும் மகளை எழுதி அனுப்பச் சொல். கணக்கைச் சரிபார்த்து மறுதபாலில் எழுதுகிறேன். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

உன் நண்பன்