மீனாவுக்கு, ரிப்போர்ட் பார்த்த பிறகு

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள மீனா,

நீ அனுப்பிய பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ச் செல் பரிசோதனை) ரிப்போர்ட்டைப் படித்தேன். எல்.எஸ்.ஐ.எல்., எச்.பி.வி. பாசிட்டிவ் என்றிருக்கிறது. இது புற்றுநோய் இல்லை, கண்ணு. எல்.எஸ்.ஐ.எல். என்றால் கர்ப்பப்பை வாயில் செல்கள் லேசாக மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். எச்.பி.வி. என்பது அதற்குக் காரணமான வைரஸ். நர்ஸாக இருந்தபோது இதைப் பார்த்துவிட்டு அழுத பெண்கள் எத்தனையோ பேர். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் உடம்பே அந்த வைரஸை விரட்டிவிடும்.

ஆனால் கால்போஸ்கோப்பியை, அதாவது கர்ப்பப்பை வாயை லென்ஸ் வைத்துப் பார்க்கும் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதே. பாப் ஸ்மியருக்குப் படுத்த மாதிரியேதான் படுக்க வேண்டும். நீர்த்த வினிகரைப் பஞ்சில் நனைத்துத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, லென்ஸ் வழியே பார்ப்பார்கள். மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் அரிசி அளவு சதையைக் கிள்ளி பயாப்சிக்கு அனுப்புவார்கள். சுருக்கென்று இருக்கும், அப்புறம் இரண்டு மூன்று நாள் லேசாகக் கசியும். நாப்கின் எடுத்துப் போ. மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்துத் தேதி வாங்கு.

இதே வினிகரை வைத்துத்தான் பரேல் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காரர்கள் மும்பைக் குடிசைப் பகுதிகளில் பெரிய ஆய்வு நடத்தினார்கள். ஒன்றரை லட்சம் பெண்களில் பாதிப் பேருக்குப் பரிசோதனை. செய்தவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள். அந்தப் பாதியில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் வரும் சாவு 31 சதவீதம் குறைந்தது. முன்கூட்டியே பார்த்ததால் பிழைத்த உயிர்கள் அவை.

பயாப்சியில் செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதை சி.ஐ.என். 1, 2, 3 என்று எழுதுவார்கள். 1 என்று வந்தால் பொதுவாகச் சிகிச்சை வேண்டாம், டாக்டர் சொல்லும் இடைவெளியில் போய்க் காட்டினால் போதும். 2 அல்லது 3 என்றால் பெரும்பாலும் லீப் என்ற சின்ன சிகிச்சை செய்வார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, மின்கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குழந்தை வேண்டும் என்று நினைக்கிறாய் என்பதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடு. கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதே, இன்னொரு டாக்டரிடம் காட்டு. எனக்கு இதில் பிடிவாதம் உண்டு.

மாப்பிள்ளையைச் சந்தேகப்படாதே, உன்னையும் நொந்துகொள்ளாதே. இந்த வைரஸ் உடலுறவில் தொற்றுவதுதான், ஆனால் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் இருக்கும். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்த டெஸ்ட்டும் சொல்லாது.

பெங்களூரில் தேதி கிடைத்ததும் போன் செய். உத்யான் எக்ஸ்பிரஸில் ஏறி வந்துவிடுகிறேன்.

அம்மா