செயலாளர் அறிக்கை, 2025: பணிப் பிரச்சினைகளும் நம் பதிப்புப் பணியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னாள் பொறுப்பாளர்களே, உறுப்பினர் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை நம் கல்லூரி ஆசிரியர் மன்றம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு கூடியது. விடைத்தாள் திருத்தும் வேலை இருந்ததால் மே மாதம் மட்டும் கூட்டம் இல்லை. தீர்மானப் புத்தகமும் வருகைப் பதிவும் மேசையில் இருக்கின்றன, விரும்புவோர் பார்த்துக்கொள்ளலாம்.

போன பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "சங்கம்னா சம்பளத்துக்குப் போராடணும், புத்தகம் போடுறது நம்ம வேலையா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சந்தாவில் கணிசமான பகுதி அச்சகத்துக்குத்தான் போகிறது. ஆகவே இந்த அறிக்கையில் அவருக்கும் சேர்த்தே பதில் சொல்ல முயன்றிருக்கிறேன்.

முதலில் பணி நிலைமை. ஆண்டு பிறந்ததும், ஜனவரி 6 அன்று, ஆசிரியர், துணைவேந்தர் நியமனங்களுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் வரைவு விதிமுறைகள் வந்தன. துணைவேந்தர் நியமனம் பற்றிய பகுதியைத்தான் பத்திரிகைகள் பெரிதாகப் பேசின. நம் சட்டமன்றமும் ஜனவரி 9 அன்றே எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. நம் வயிற்றில் புளியைக் கரைத்தது வேறொரு இடம். ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்தப் பணியிடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2018 விதிமுறையில் இருந்த வரம்பு, வரைவில் காணாமல் போயிருந்தது. அந்த வரம்பு இருந்தபோதே நம் ஊர்க் கல்லூரிகளில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அதையும் எடுத்துவிட்டால் கேட்பதற்கு ஒரு காகிதம்கூட இருக்காது. நம் ஆட்சேபத்தை உறுப்பினர்கள் தனித்தனியாகவும் மன்றத்தின் பெயரிலும் அனுப்பினோம்.

அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளராக இருக்கும் நம் உறுப்பினர்கள் மாதம் 25,000 ரூபாய், அதுவும் மே மாதம் நீங்கலாக ஆண்டில் 11 மாதம்தான் பெறுகிறார்கள். ஒரு வகுப்புக்கு 1,500, மாதத்துக்கு 50,000 வரை தரலாம் என்று மானியக் குழு சொன்னது 2019-இல். மே மாதம் நமக்கு வயிறு கிடையாது என்று யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் குஜராத் அரசுப் பொறியியல் கல்லூரி ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் வழக்கில் தீர்ப்பளித்தது. அவர்கள் 30,000 ரூபாயில் பல ஆண்டுகள் ஓட்டியவர்கள். உதவிப் பேராசிரியருக்கான குறைந்தபட்ச ஊதிய விகிதத்தை அவர்களுக்கு வழங்க உத்தரவானது. விழாக்களில் குரு பிரம்மா சுலோகம் சொல்வது மட்டும் போதாது, ஆசிரியரை நடத்தும் விதத்திலும் அது தெரிய வேண்டும் என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பின் சுருக்கத்தைத் தமிழில் எழுதி எல்லாத் துறை அறைகளுக்கும் கொடுத்தோம். நம் ஊதியம் அதனால் இன்னும் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. ஆனால் முதல்வர் அறையில் பேசும்போது குரல் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

நிரந்தரப் பணிக்கான கதை இன்னும் நீளம். 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்கள் என்று ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவித்தது. 2025 அக்டோபரில் வந்த அறிவிப்பில் அது 2,708 ஆகிவிட்டது.

சுயநிதிக் கல்லூரி உறுப்பினர்களின் நிலை வேறு. அவர்களிடமிருந்து எப்போதும் வரும் கேள்வி, "லேபர் கோர்ட்டுக்குப் போகலாமா சார்?" என்பது. போக முடியாது. கோவாவில் ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சுந்தராம்பாள் என்ற ஆசிரியையின் வழக்கில், ஆசிரியர் தொழிற்தகராறு சட்டப்படி 'தொழிலாளி' ஆகமாட்டார் என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காரணம், கற்பித்தல் ஓர் உன்னதப் பணியாம். 1978-இலேயே கல்வி நிறுவனமும் 'தொழில்'தான் என்று இதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆக, கல்லூரிப் பேருந்து ஓட்டுநரும் அலுவலக எழுத்தரும் தொழிலாளி. அதே பேருந்தில் வந்து இறங்கும் விரிவுரையாளர் உன்னதமானவர். நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் வரையறையில் பத்திரிகையாளருக்கும் விற்பனை மேம்பாட்டுப் பணியாளருக்கும் பெயர் சொல்லி இடம் இருக்கிறது. ஆசிரியருக்கு இல்லை.

இந்த ஆண்டு நம்மிடம் வந்தவற்றில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். ஒரு சுயநிதிக் கல்லூரியில் வணிகவியல் துறையிலிருந்து விலகிய தோழியின் அசல் சான்றிதழ்களைத் தர மறுத்தார்கள். அசலை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை போயிருப்பதெல்லாம் கலைக் கல்லூரி அலுவலகத்தில் எடுபடவில்லை. மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள் என்றார்கள். "தாளாளர் வரட்டும்" என்பதே வாரக்கணக்கில் பதிலாக இருந்தது. கடைசியில் நாங்கள் சண்டைக்குப் போகவில்லை. எந்தெந்தச் சான்றிதழ், எந்தத் தேதியில், யாரிடம் கொடுக்கப்பட்டது என்று பட்டியலிட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினோம். எழுத்தில் பதில் தருவது அவர்களுக்குப் பிடிக்காத காரியம். ஒரு சனிக்கிழமை மாலை, காவலாளி அறையில், ஸ்டேப்லர் பின் அடித்த பழுப்பு உறையில் எல்லாம் திரும்பி வந்தன. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் ஓரம் மட்டும் கிழிந்திருந்தது.

அந்தக் கடிதத்தின் வாசகம் நாம் வெளியிட்ட 64 பக்கக் கையேட்டில் இருக்கிறது. புத்தகம் எதற்கு என்று கேட்டவருக்கு இது என் முதல் பதில். பணி அனுபவச் சான்று கேட்கும் மாதிரி, நியமன ஆணையில் பார்க்க வேண்டியவை, அரசு மற்றும் உதவிபெறும் கல்லூரிகளில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடும் முறை என எல்லாம் அதில் உண்டு. இதை எந்தப் பெரிய பதிப்பகமும் போடாது. போட்டாலும் 250 ரூபாய் விலை வைக்கும். நாம் 40 ரூபாய்க்குக் கொடுக்கிறோம்.

இரண்டாவது பதில் கொஞ்சம் நீளமானது. 2010 முதல் நம் வேலை புள்ளிகளால் அளக்கப்படுகிறது. 2018 விதிமுறைப்படி மொழி, சமூக அறிவியல் துறைகளில் ஒரு கட்டுரைக்கு 10 புள்ளி, அறிவியலுக்கு 8. புள்ளி வந்ததும், காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் கடை வந்தது. 2018 மே மாதம் மானியக் குழு தான் ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை நீக்க வேண்டியிருந்தது. அப்புறம் அதற்குப் பதிலாக 'கேர்' என்ற புதிய இதழ்ப் பட்டியல் வந்தது. இந்த ஆண்டு பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, தரத்தை அந்தந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். பட்டியல் ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. தமிழ்த் துறைக்கு அதில் இருந்த இடம் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். ஆனால் வாட்ஸாப் கடைக்காரர்களுக்கு அன்று தீபாவளி.

நம் உறுப்பினர் ஒருவர் பதிற்றுப்பத்து பற்றி ஓர் இதழுக்குக் கட்டுரை அனுப்பினார். காலையில் ஜி.பே. வழியாக 2,500 ரூபாய் போனது. மாலையில் ஏற்புக் கடிதமும், தங்க நிற முத்திரையுடன் சான்றிதழும் வந்தன. சான்றிதழில் தலைப்பு 'பதினெட்டுப்பத்து' என்று இருந்தது. கட்டுரையை ஒருவரும் படிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்புகளும் இதே வழிதான். ஐ.எஸ்.பி.என். எண் போட்ட, தலையணை அளவுத் தொகுதி. கட்டுரையாளரே காசு கொடுத்து, கட்டுரையாளரே ஒரு படி வாங்கி, அலமாரியில் வைப்பது. 25,000 வாங்குகிறவர் அதில் பத்தில் ஒரு பங்கை, தான் எழுதியதை அச்சில் பார்க்கக் கொடுக்கிறார் என்றால் அது ஊதியப் பிரச்சினை இல்லாமல் வேறென்ன?

படிப்பதிலும் இதே கதை. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 6,000 கோடி ரூபாயில் ஜனவரியில் தொடங்கியது. சுமார் 13,000 இதழ்கள் அரசு நிறுவனங்களுக்குத் திறந்தன. அடுத்த தெருவில் இருக்கும் சுயநிதிக் கல்லூரிக்குத் திறக்கவில்லை.

ஜூலைக் கூட்டத்தில் நியூரோஇமேஜ் என்ற மூளைப் படிம ஆய்விதழின் கதையைப் பேசினோம். ஒரு கட்டுரைக்கு 3,450 டாலர் என்ற கட்டணத்தைக் குறைக்க அதை வெளியிடும் எல்சவியர் நிறுவனம் மறுத்ததால், 2023 ஏப்ரலில் அதன் பதிப்பாசிரியர்கள் 40-க்கும் மேற்பட்டோர் ஒட்டுமொத்தமாக விலகி வேறு இதழ் தொடங்கினார்கள். அவர்களுக்கு நிரந்தர வேலை இருக்கிறது, கோபித்துக்கொள்ளலாம் என்றார் ஒரு தம்பி. உண்மைதான். ஆனாலும் இதழின் உயிர் எழுதுகிறவர், படித்துத் திருத்துகிறவர் கையில் இருக்கிறது என்பது அங்கும் இங்கும் ஒன்றுதான்.

நம் மன்றத்தின் ஆய்விதழ் இந்த ஆண்டு இரண்டு முறை வந்தது. எழுதுகிறவரிடம் கட்டணம் இல்லை, மின்வடிவம் இலவசம். ஒவ்வொரு கட்டுரையையும் பெயர் நீக்கி இருவர் படிக்கிறார்கள். திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரைகளில் என்னுடையதும் ஒன்று. காரணம் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதப்பட்டிருந்தது, எழுதியவர் யாரென்று இன்றும் சந்தேகம்தான். கல்வி இதழ் என்பதால் 2023-ஆம் ஆண்டின் பருவ இதழ்ப் பதிவுச் சட்டம் நம்மைக் கட்டாது. இதழ்களுக்குத் தரப்படும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணுக்குக் கட்டணமும் இல்லை. தட்டச்சு, பக்கவடிவமைப்பு, மெய்ப்புக்கான கூலியைக் கொடுத்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவது என்று முதல் கூட்டத்திலேயே முடிவெடுத்தோம், அப்படியே நடக்கிறது. பழைய பாமினி எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவதில்தான் பாதி நேரம் போகிறது. 'ஔ' எல்லாம் 'ஒள' ஆகி வந்து நிற்கும். வெளியீடுகளின் படிகளைக் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் அனுப்பிவிட்டோம்.

கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். என் பங்குக்கு ஒன்று: கையேடு போட்ட காசைத் திருப்பிவிட்டது, இதழ் திருப்பவில்லை, திருப்பவும் திருப்பாது. அதற்கு ஆண்டுச் சந்தாவில் தனியாக ஒரு தொகையை ஒதுக்கும் தீர்மானம் இன்று வருகிறது. எதிர்ப்பவர்கள் பேசிவிட்டு எதிருங்கள். வாக்கெடுப்பு வேளையில் டீ குடிக்கப் போய்விட வேண்டாம்.

வரும் ஆண்டில் மே மாத ஊதியக் கோரிக்கையைக் குஜராத் தீர்ப்பின் நகலுடன் மாவட்ட ஆட்சியர் வழியாக மீண்டும் அனுப்புகிறோம். சான்றிதழ் பிடித்துவைக்கும் கல்லூரிகள் பற்றிய புகார்களை எழுத்தில் தாருங்கள், போனில் சொல்வது பயன்படாது. மூன்றாம் இதழுக்குக் கட்டுரைகள் மார்ச் 31-க்குள் வர வேண்டும். மெய்ப்புப் பார்க்க இன்னும் இரண்டு பேர் தேவை, கூலி உண்டு.

இவ்வறிக்கையை ஒப்புதலுக்காகப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயலாளர்