கடைசி ஆளுக்கும் கேட்கணும், சேகர்

குளித்தலை
9 நவம்பர் 2025

அன்புள்ள சேகருக்கு,

தீபாவளிக்கு நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. அதிரசம் கலைவாணி சுட்டதா கடையில் வாங்கியதா என்று இங்கே பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தங்கராசு தாத்தா ஆகிவிட்டான். பேத்திக்கு என்ன பெயர் வைத்திருக்கிறான் என்று அவனிடமே போனில் கேட்டுக்கொள், நான் எழுதினால் நம்பமாட்டாய். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் வந்த ஒரு பெரிய ஆர்டரை வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அட்வான்ஸ் பணத்தை மேஜையிலேயே வைத்துவிட்டுப் பேசினார்கள், அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். பிரபு இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எந்தக் கட்சி என்று எழுதமாட்டேன். எல்லாக் கட்சிக்கும் மைக்செட் கட்டியவன் நான், நாளைக்கும் கட்டுவேன்.

வந்த பையனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மரியாதையாகத்தான் பேசினான். மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிய பாக்ஸ், ஒரு எல்இடி திரை, அவ்வளவு போதும் என்றான். பின்னால் ரோட்டோரம் கம்பங்களில் ஸ்பீக்கர் கட்டவேண்டாமா என்று கேட்டேன். "வேண்டாம்ணே. பின்னாடி கேட்டுச்சுன்னா டீக்கடையிலயே நின்னுடுவாங்க. கேக்கலைன்னாத்தான் முன்னாடி நெருங்கி வருவாங்க. டிரோன்ல அப்பத்தான் இடைவெளி இல்லாம விழும்" என்றான். போனில் போன கூட்டத்தின் வீடியோவைக் காட்டினான். மேலேயிருந்து எடுத்தது. தலை தலையாக, தரையே தெரியவில்லை. "பாத்தீங்களா, ஒரு பொட்டு இடம் இல்ல" என்று சந்தோஷமாகச் சொன்னான். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிற்றைப் பிசைந்தது.

சேகர், கரூர் இங்கிருந்து பக்கம்தான். செப்டம்பர் 27-ஆம் தேதி ராத்திரி நீ நியூஸ் டெஸ்க்கில் இருந்திருப்பாய், உனக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருக்கும். வேலுச்சாமிபுரத்தில் நடிகர் விஜய் கட்சிக் கூட்டத்து நெரிசலில் 41 உயிர். அதில் குழந்தைகள். அதற்கப்புறம் இன்றுவரை யார் பேரில் தப்பு என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். காவல்துறை சரியான இடம் தரவில்லை என்று ஒரு பக்கம். நடிகர் லேட்டாக வந்ததுதான் காரணம் என்று இன்னொரு பக்கம். சதி என்று ஒரு பக்கம். உச்ச நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டிருக்கிறது, விசாரித்துச் சொல்லட்டும். அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை. என் தொழிலுக்குள் நின்றுகொண்டு எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். உன்னைத் தவிர இதை வேறு யாரிடம் சொன்னாலும் பிரயோஜனம் இல்லை.

அப்பா கடையை நடத்திய காலத்தில் ஒரு கட்டளை போட்டிருந்தார், உனக்கும் ஞாபகம் இருக்கும். கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டே போகவேண்டும், கூட்டத்தின் கடைசி ஆளையும் தாண்டி இன்னும் இரண்டு குழாய். நீயும் நானும் ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைந்தோமே. நீ அந்தக் கடைசிக் குழாய்க்குக் கீழே நின்று "கேக்குது, கேக்குது" என்று கத்துவாய். சில நாள் வேண்டுமென்றே "கேக்கலை" என்று கத்தி என்னை மறுபடி ஏணியில் ஏற்றுவாய், படுபாவி. கடைசி ஆளுக்குத் தெளிவாகக் கேட்டால் அவன் இருக்கிற இடத்தைவிட்டு அசையமாட்டான் என்று அப்பா சொல்வார். துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவான். கடலை வாங்குவான். பிள்ளையை மடியில் தூங்கப் போடுவான். கலைஞர் முதல் தடவையாக 1957-இல் எம்எல்ஏ ஆனது நம்ம ஊரில்தானே. அந்தத் தேர்தல் கூட்டங்களைப் பற்றி அப்பா பேசும்போதெல்லாம் எவ்வளவு கூட்டம் என்று சொன்னதே இல்லை. எவ்வளவு நேரம் ஜனங்கள் எழுந்திருக்காமல் இருந்தார்கள் என்றுதான் சொல்வார்.

இப்போது நடப்பது அப்படியா? மேடையே இல்லை. வண்டிதான் மேடை, வண்டியிலேயே ஸ்பீக்கர். தலைவர் தெரிவதும் அங்கேதான், குரல் வருவதும் அங்கேதான் என்றால் ஜனம் வேறு எங்கே போகும்? அந்த ஒரு இடத்தை நோக்கித்தான் நெருக்கும். ஒரு கட்சியை மட்டும் சொல்லவில்லை. எடப்பாடி ஜூலையில் மேட்டுப்பாளையத்தில் ஆரம்பித்ததும் வண்டிப் பயணம்தான், பிரதமர் போன வருஷம் கோயம்புத்தூரில் வந்ததும் ரோட் ஷோதான். முதல்வர் போகிற ஊரிலும் சாலையின் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டி ஜனத்தை நிறுத்துகிறார்கள். சினிமா நட்சத்திரம் வரும்போது இது பத்து மடங்காகிறது. அவரைப் பார்த்தாலே போதும் என்று வருகிறவர்கள் பாதிக்கு மேல், அதுவும் சின்னப் பிள்ளைகள்.

செப்டம்பர் 13-ஆம் தேதி திருச்சி மரக்கடையில் விஜய் தன் பிரசாரப் பயணத்தின் முதல் கூட்டம் பேசினாரே, அதில் மைக் கோளாறு ஆகிப் பேச்சு பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. நம்ம தெரு பையன்கள் போய்விட்டு வந்தார்கள். என்னடா பேசினார் என்று கேட்டேன். "கேக்கலை மாமா, ஆனா நல்லாப் பாத்தோம்" என்றார்கள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எங்கள் காலத்தில் மைக் மக்கர் பண்ணினால் கல் எறிவார்கள், நம்ம செட் ஒரு தடவை வாங்கியிருக்கிறது. கேட்கவில்லை என்று அந்தப் பையன்களில் ஒருவனுக்கும் கோபமே வரவில்லை என்பதுதான் எனக்கு அன்றைக்கே உறுத்தியது. இரண்டு வாரத்தில் கரூர்.

10,000 பேர் என்று சொல்லி அனுமதி வாங்கிய இடத்துக்கு 27,000 பேர் வந்தார்கள் என்று காவல்துறை சொன்னது. மதியமே வருவார் என்று காலையிலிருந்து காத்துக் கிடந்தவர்கள் ஒரு பக்கம், சாயங்காலம் வண்டியோடு கூடவே வந்த கூட்டம் இன்னொரு பக்கம், இரண்டும் ஒரே சாலையில். மிதிபட்டுச் செத்தார்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். இப்படிப்பட்ட நெரிசலில் பெரும்பாலும் நின்றபடியே மூச்சு முட்டித்தான் உயிர் போகிறது. நெஞ்சுக்கூடு விரிய இடம் இருக்காது. பின்னால் இருக்கிறவனுக்கு முன்னால் நடப்பது தெரியாது, அவன் இன்னும் தள்ளிக்கொண்டே இருப்பான். அடுத்த வாரம் நான் வேலுச்சாமிபுரம் போய் அந்தச் சாலையில் கொஞ்சநேரம் நின்றேன். எந்தெந்தக் கம்பத்தில் கட்டியிருக்கலாம், எங்கே ஒரு திரை வைத்திருந்தால் பாதிப் பேர் அங்கேயே நின்றிருப்பார்கள் என்றே மனசு கணக்குப் போட்டது. அழுகை வந்துவிட்டது சேகர்.

1992 கும்பகோணம் மகாமகத்தில் நடந்த நெரிசல் உனக்கு மறந்திருக்காது. உன் அத்தை போய்விட்டு வந்து நாலு நாள் சாப்பிடவில்லை. அன்றைக்கும் முதலமைச்சர் குளிப்பதைப் பார்க்கத்தான் ஜனம் முண்டியது. 2005-இல் சென்னை எம்ஜிஆர் நகரில் வெள்ள நிவாரணம் வாங்க நின்ற 42 பேர். இந்த ஜூனில் பெங்களூரில் கிரிக்கெட் கோப்பையைப் பார்க்கப் போன 11 பேர். ஒவ்வொரு தடவையும் ஒரு கமிஷன் போடுகிறோம், அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறோம்.

இனி உன் பக்கம் வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கட்டுக்கடங்காத கூட்டம், அலைகடலென ஜனத்திரள், குலுங்கியது திருச்சி. இதையெல்லாம் யாருடா எழுதுவது? உன் சேனல் மட்டும் இல்லை, எல்லா சேனலிலும் இதேதான். டிரோன் படத்தைப் போட்டு, பக்கத்தில் போன வாரம் இன்னொரு கட்சிக்கு வந்த கூட்டத்தையும் போட்டு, யாருக்கு அதிகம் என்று ஒரு மணிநேரம் விவாதம். அதைப் பார்த்துத்தான் மாவட்டச் செயலாளர் அந்தப் பையனிடம் இடைவெளி தெரியக்கூடாது என்று சொல்லி அனுப்புகிறார். ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் வாயில் மைக்கை நீட்டியதையும் பார்த்தேன், அதைப் பற்றி நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. உனக்கே அது பிடித்திருக்காது.

நீ டெஸ்க்கில் உட்கார்ந்து எழுதுகிறவன். அடுத்த தடவை அப்படி ஒரு டிரோன் படம் உன் மேஜைக்கு வந்தால், அதில் ஆம்புலன்ஸ் போக வழி தெரிகிறதா என்று பார்த்து அதையும் ஒரு வரி எழுது. தண்ணீர் எங்கே கொடுத்தார்கள், எத்தனை மணிநேரமாக வெயிலில் நிற்கிறார்கள், கடைசி ஆளுக்குக் கேட்டதா என்று உங்கள் நிருபரைக் கேட்கச் சொல். நாலு கூட்டத்துக்கு அப்படிப் போட்டால் போதும், கட்சிக்காரர்களே என்னிடம் வந்து பின்னாடியும் கட்டுங்கண்ணே என்பார்கள். பொதுக்கூட்டங்களுக்கு நெறிமுறை வகுப்பதாக அரசு நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் தேர்தலுக்கு இன்னும் ஆறு மாசம்கூட இல்லை. வாரம் ஒரு ஊர் என்று எல்லோரும் கிளம்பிவிடுவார்கள்.

பிரபுவிடம் இதையெல்லாம் சொன்னேன். "நீங்க கட்டலைன்னா வேற ஆள் கட்டப்போறான்" என்றான். அவன் சொன்னதும் நடந்துவிட்டது, முசிறியிலிருந்து ஒரு செட் வருகிறதாம். அதனால் அந்தப் பையனுக்கு நேற்று நானே போன் போட்டேன். கூலி வேண்டாம், ரோட்டோரம் எட்டுக் கம்பத்துக்கு நான் கட்டித் தருகிறேன், உங்கள் பெரிய பாக்ஸ் யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கட்டும் என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்றான், இன்னும் பதில் இல்லை.

பொங்கலுக்கு வருவாய்தானே? கலைவாணியையும் கூட்டிக்கொண்டு வா, அதிரசப் பஞ்சாயத்தை அவள்தான் தீர்க்கவேண்டும். அதற்குள் உங்கள் ஆபீசில் பேசிப் பார்த்துவிட்டு ஒரு வரி எழுது. முடியாது என்று சொன்னார்களென்றாலும் யார் சொன்னது, என்ன காரணம் சொன்னார்கள் என்று எழுது.

அன்புடன்,
முருகேசன்