காஷ்மீர் கிளம்பும் மகளுக்கு

சங்ககிரி

அன்புக் கண்ணு தேன்மொழிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீ அனுப்பிய பயணத் திட்டத்தை ராத்திரி நம்ம ஸ்பேர் பார்ட்ஸ் கடையைச் சாத்திய பிறகு அப்பா சத்தமாகப் படித்தார். பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஆக்ரா, டெல்லி, ஜம்மு, ஸ்ரீநகர். எந்த ஊரில் எத்தனை மணிக்குச் சாப்பாடு என்பது வரை எழுதியிருக்கிறாய். வண்டி நின்றுபோனால் என்ன செய்வது என்று மட்டும் ஒரு வரி இல்லை. போனில் சொன்னால் பாதியில் குட்டி எழுந்துவிடுவாள், அதனால் எழுதுகிறேன்.

வண்டி நிற்கும், கண்ணு. 44-ஆம் தேசிய நெடுஞ்சாலை கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை 3,700 கிலோமீட்டருக்கு மேல். அதில் பெரும்பகுதியைப் பழைய வேனில், கட்டிலும் ஃப்ரிட்ஜும் தண்ணீர் டேங்கும் ஏற்றிக்கொண்டு ஓட்டப்போகிறீர்கள். ஏதாவது ஒன்று எங்கேயாவது போகத்தான் செய்யும். நாலைந்து நாளுக்கு ஒரு நாளைச் சும்மா விட்டு வை. எந்த ஊரும் பார்க்காத, எந்த ரூமும் புக் பண்ணாத நாள். அடுத்த ஊரில் ரூம் காத்திருக்கிறது என்றால், வண்டி ஏதாவது சொல்லும்போது காதில் விழாது.

கல்லாவில் உட்கார்ந்து நான் பார்ப்பது இதைத்தான். சமீபத்தில் ஒரு வேன்காரர், கல்யாண வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனவர், அறுந்த ஃபேன் பெல்ட்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி வந்து நின்றார். ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. மேலே அச்சடித்திருந்த நம்பர் தேய்ந்து ஒன்றுமே தெரியவில்லை. பெல்ட் அறுந்தவுடன் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்திருக்கிறது. அவர் வண்டியில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு என்று பின்னாலிருந்து ஆளாளுக்கு அவசரப்படுத்த, இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போன பிறகும் ஓட்டியிருக்கிறார். இன்ஜின் ஹெட் வளைந்து, கேஸ்கட் போய், லேத் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்ய அவருக்கு எவ்வளவு ஆகியிருக்கும்! பெல்ட் சில நூறு ரூபாய்தான். அவரை நான் குறை சொல்லமாட்டேன். உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்கும்போது ஒரு டிரைவரால் நிறுத்த முடியாது. அதனால் நீயும் மாப்பிள்ளையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். யார் ‘நிறுத்து’ என்றாலும் நிறுத்த வேண்டும், ஏன் எதற்கு என்பதெல்லாம் ஓரங்கட்டிய பிறகு.

ஓரங்கட்டுவது என்றால் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, இடதுபுறம், முடிந்த வரை உள்ளே தள்ளி. நாலு இன்டிகேட்டரையும் போட்டுவிட்டு, முதலில் குட்டியை இடதுபக்கக் கதவு வழியாக இறக்கு. தடுப்புக் கம்பி இருந்தால் அதைத் தாண்டிப் போய் நில்லுங்கள். இதைக் கட்டாயம் கேள்: உள்ளேதான் கட்டில் இருக்கிறதே, குழந்தை தூங்குகிறாளே என்று நின்ற வண்டிக்குள் உட்காரவே கூடாது. பின்னால் வரும் லாரிக்காரனுக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றிக்கொண்டிருக்கலாம். சிவப்பு முக்கோணத்தை நன்றாகப் பின்னால் கொண்டுபோய் வை. முக்கோணம் இல்லாத லாரிக்காரர்கள் கல்லை அடுக்கி, மரக்கிளை ஒடித்துப் போடுவார்கள், பார்த்திருப்பாய். சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லானாலும் கிளம்பும்போது எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். ராத்திரியில் பைக்கில் வருபவனுக்கு அந்தக் கல் தெரியாது.

உதவிக்கு 1033 அடி. நெடுஞ்சாலைக்காரர்கள் நம்பர் அது. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பார்கள், பக்கத்துக் கிலோமீட்டர் கல்லைப் பார்த்துச் சொல்.

சூடேறி நின்றால் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே. மாப்பிள்ளையிடமும் சொல். உள்ளே அழுத்தத்தில் நிற்கும் வெந்நீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு, குழாயைத் தொட்டால் கை தாங்கும் வரை காத்திருங்கள்.

ஸ்ரீநகருக்கு முன்னால் ஏற்காட்டுக்கு ஒரு தடவை போய் வாருங்கள். சும்மா இல்லை, டேங்க் நிறையத் தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ, அதை யாரும் நினைப்பதில்லை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, மேலே போனால் 1,500 மீட்டர் உயரம். ஏறும்போது முள்ளைப் பார். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்துப் பெடல் உள்ளே போய்விடும். பழைய ஆயில் என்றால் ஈரம் இழுத்திருக்கும், இன்னும் சீக்கிரம் கொதிக்கும், அதை அப்பா இங்கேயே மாற்றிவிடுவார். இறங்கும் வழியில் ஒரு கருகல் வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெடிப்பு விடும். தானாக ஆறட்டும், குட்டிக்கு ஆரஞ்சு வாங்கிக் கொடு. அந்த மலை உன் வண்டியைப் பற்றிச் சொல்வதை எந்த மெக்கானிக்கும் சொல்லமாட்டான்.

ஃப்ரிட்ஜுக்கும் லைட்டுக்கும் தனி பேட்டரி போட்டிருக்கிறீர்களா? இன்ஜின் பேட்டரியிலேயே இழுத்திருந்தால் காலையில் சாவி திருப்பும்போது வண்டி முனகக்கூடச் செய்யாது. கேஸ் சிலிண்டரை வண்டி ஓடும்போது மூடி வை.

வடக்கே போய்விட்டால் பாஷை தெரியாதே என்று பயப்படாதே. நாக்பூர் தாண்டியும் நம்ம ஊர் லாரிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நம்பர் பிளேட்டில் டி.என். 28 என்றால் நாமக்கல், 30 என்றால் சேலம், 52 என்றால் நம்ம சங்ககிரி. தாபாவில் அப்படி ஒரு வண்டியைப் பார்த்தால் கூச்சப்படாமல் போய் ‘அண்ணா’ என்று கூப்பிடு. எந்தப் பட்டறையில் நியாயமாகச் செய்வார்கள் என்பதை அவர்களைவிட யாரும் நன்றாகச் சொல்லமுடியாது. இந்தக் கடையில் அவர்களிடம்தான் நான் எல்லாம் கற்றுக்கொண்டேன்.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது ஜம்மு மலை இல்லை. அங்கே ஜாக்கிரதையாகத்தான் ஓட்டுவீர்கள். திரும்பி வரும்போது தருமபுரி தாண்டி வரும் தொப்பூர் இறக்கம்தான். வீடு வந்துவிட்டது, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்று மனசு முன்னால் ஓடும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கும் லாரிகள் பின்னால் வரும். அந்த இறக்கத்துக்கு முன்னால் ஒரு டீக்கடையில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். சாப்பாடு ஆறினால் நான் சூடு பண்ணித் தருகிறேன்.

இப்போது ஒரு வேலை. வண்டியின் ஆர்.சி. கார்டை இருபுறமும் படம் எடுத்து இன்றைக்கே அனுப்பு. சேசிஸ் நம்பர் தெரிந்தால்தான் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், டீசல் ஃபில்டர், கிளட்ச் கேபிள் எல்லாம் சரியான அளவில் எடுத்து வைக்கமுடியும். புது பெல்ட்டை இங்கேயே மாட்டிவிட்டு, கழற்றியது நன்றாக இருந்தால் அதை ஸ்பேராகக் கொடுத்துவிடுகிறேன். ஒவ்வொன்றின் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதித் தருகிறேன். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஸ்டெப்னியையும் சேர்த்து எல்லா டயருக்கும் பார்த்து எழுது.

அன்புடன்,
அம்மா