எந்த விலங்கு என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். உடல் பருமனுக்குப் புதிய மருந்து பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மருந்து கொடுக்கப்பட்டது சுண்டெலிகளுக்கு என்பது கடைசிப் பத்தியில்தான் தெரிந்தது. அதற்குள் என் மனைவி கட்டுரையைக் கத்தரித்து வைத்துவிட்டார்.

சுண்டெலியை நான் குறைத்துச் சொல்லவில்லை. பருத்த உடலின் கொழுப்புத் திசுவில் டிஎன்எஃப் ஆல்ஃபா என்னும் அழற்சிப் புரதம் சுரந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது என்று 1993-இல் காட்டியவை எலியினங்களே. ஆனால் இதயம் என்று வரும்போது கதை வேறு. சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் துடிக்கும். அதன் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் 'நல்ல' கொழுப்பான எச்டிஎல்லில் இருப்பதால், மரபணுவை மாற்றாமல் ரத்தக்குழாய் அடைப்பது அரிது. இதயத்தின் மேல் படியும் கொழுப்பும் அதற்கு இல்லையென்றே சொல்லலாம்.

பன்றிக்கு அது உண்டு, நமக்கு இருப்பதுபோலவே, இதயத் தமனிகளை ஒட்டி. அமெரிக்காவின் ஜார்ஜியா கரையோரம் ஒசபா என்றொரு தீவு. ஸ்பானியர்கள் கொண்டுவந்த பன்றிகளின் வழிவந்தவை அங்கே காட்டில் திரிகின்றன. இரை கிடைக்காத பருவங்களைத் தாண்ட, கிடைத்தபோதே கொழுப்பாகச் சேர்த்துக்கொண்டவை பிழைத்தன. அவற்றுக்குக் கொழுப்பும் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் நிறைந்த தீவனத்தை மாதக்கணக்கில் கொடுத்தால், இன்சுலின் எதிர்ப்பு, ரத்தக் கொதிப்பு, கடைசியில் இதயத் தமனி அடைப்பு வரை வருகிறது. நம் பண்ணைகளில் உள்ள வெண்பன்றிகளிடம் இதை அவ்வளவு சுலபமாக வரவழைக்க முடியாது. கொழுப்புக் குறைந்த இறைச்சிக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த இனம் அது.

பன்றியும் எல்லாவற்றுக்கும் உதவாது. உடலுக்குச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பை இயக்கும் யுசிபி1 மரபணு பன்றியிடம் என்றோ பழுதாகிவிட்டது. பிறந்த குட்டி நடுங்குவதும், பண்ணையில் விளக்குப் போட்டுச் சூடு காட்டுவதும் இதனால்தான். பழுப்புக் கொழுப்பை எரிய வைக்கும் மருந்து என்றால் எலியிடம்தான் போக வேண்டும்.

ஆகவே இனி இப்படிக் கட்டுரை வரும்போது எலியா, பன்றியா, மனிதரா என்பதைத் தலைப்புக்குக் கீழேயே போடுங்கள். என் மனைவி கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் அது கண்ணில் பட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
நாமக்கல்